புதன்கிழமை ஆராதனையும் ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டும்

தளியில் குளிர் எப்படி, ஓசூரில் தங்க வசதி உண்டா, எந்த மாதம் போகலாம் என்று சிலர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றுக்கும் இதில் பதில் இருக்கிறது. ஆனால் நான் போனது ஊர் சுற்றுவதற்கு அல்ல. தமிழ்நாடே மின்வெட்டில் விசிறியும் கையுமாக உட்கார்ந்திருந்த 2008இன் கடைசியில், ஓசூரில் வேலை செய்யும் என் தங்கை ஜெபா போன் செய்தாள்.

"அண்ணே, இந்தப் புதன்கிழமை கோயிலுக்கு வந்துரு. ஒரு பிரச்சினை. போன்ல சொன்னா நீ கத்துவ."

கோயில் என்று அவள் சொன்னது சர்ச். நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். அவள் வாரம் தவறாதவள். நான் கிறிஸ்துமஸுக்கு மட்டும் போகிறவன், அதுவும் கேக்குக்காக. மதத்தை வீட்டோடு வைத்துக்கொள்ள வேண்டும், பள்ளிக்கூடம், ஆபீஸ், தொழிற்சாலை வாசலுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது என் கட்சி. இதைப் படித்து முடித்ததும் நான் கட்சி மாறிவிட்டேனா என்று கேட்காதீர்கள். மாறவில்லை, கொஞ்சம் திருத்திக்கொண்டேன், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்குக் கோயம்பேட்டில் அரசு விரைவுப் பேருந்து. கட்டணம் நூற்றுப் பத்து ரூபாய். வேலூர் தாண்டி ஒரு சாலையோர ஓட்டலில் நிறுத்துவார்கள். அங்கே தோசை சாப்பிடாதீர்கள், பட்டுத்தான் சொல்கிறேன். கிருஷ்ணகிரி வரை வெயில் வறுத்தெடுத்தது. அங்கிருந்து ஓசூருக்கு ஐம்பது கிலோமீட்டர். சூளகிரி மலைகள் தெரிய ஆரம்பித்ததும் காற்று மாறிவிடுகிறது. ஜன்னலோரம் இடம் பிடித்தவர்கள் பாக்கியவான்கள். ஒன்றே முக்காலுக்கு ஓசூரில் இறங்கினேன்.

சிப்காட் பக்கம் போக வேண்டும் என்றதும் ஆட்டோக்காரர் ஐம்பது ரூபாய் கேட்டார். நாற்பதுதானே என்றேன்.

"அந்தப் பக்கம் இன்னிக்கு பவர் ஹாலிடே சார். ரோட்டுல ஈ காக்கா கிடையாது. திரும்பி வர்றப்ப சவாரி சிக்காது. நாளைக்கு வந்தீங்கன்னா நாப்பதுக்கே வர்றேன்."

அப்புறம் அவரே விளக்கினார். கரண்ட் போதாததால் ஏரியா ஏரியாவாகக் கிழமை பிரித்து, அந்தக் கிழமையில் தொழிற்சாலைகளுக்கு மின்சாரத்தை நிறுத்திவிடுகிறார்கள். முதலாளிகளும் அதையே வார லீவாக ஆக்கிவிட்டார்கள். மிஷின் ஓடாத நாளில் ஆளுக்கு லீவு, ஞாயிற்றுக்கிழமை வேலை. ஓசூரில் ஞாயிறு என்பது போய், ஒரு தெருவிலேயே ஒருவருக்குச் செவ்வாய், ஒருவருக்கு வெள்ளி. "எனக்குத்தான் சார் லீவே இல்ல" என்று சிரித்தபடி அவர் ஐம்பதை வாங்கிக்கொண்டார்.

ஜெபாவின் தொழிற்சாலை இருக்கும் ஏரியாவுக்குப் புதன். அவள் புருஷன் டேனியல் பர்கூர்ப் பக்கம் கிரானைட் லாரி ஓட்டுகிறார். குவாரிக்கு லீவு ஞாயிறு மட்டும். சனிக்கிழமை சாயங்காலம் வந்தால் திங்கள் விடியலில் கிளம்பிவிடுவார். கல்யாணமாகி இரண்டு வருஷம். ஐந்து மாதமாக இருவருக்கும் ஒரு பகல்கூடச் சேர்ந்தாற்போல் கிடைக்கவில்லை. அவர் கண் விழிக்கும்போது இவள் ஷிஃப்டுக்குப் போயிருப்பாள், இவள் அலுத்துத் திரும்பும்போது அவர் துணியை மடித்து வைத்துக்கொண்டிருப்பார். இதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சர்ச்சிலும் குழப்பம். ஞாயிறு ஆராதனைக்குப் பாதி நாற்காலி காலியானதும், பாஸ்டர் நல்லெண்ணத்தில் புதன்கிழமை காலையில் இன்னொரு ஆராதனை ஆரம்பித்துவிட்டார். கூட்டம் வந்தது. ஆனால் பாஸ்டர் ஞாயிறு லீவு கேட்டுப் போனபோது தொழிற்சாலையின் எச்.ஆர். அதிகாரி, "உங்க சர்ச்சே புதனுக்கு மாறிடுச்சே, அப்புறம் என்ன?" என்று மடக்கிவிட்டார். பாஸ்டர் தன் வலையில் தானே சிக்கிக்கொண்டார். ஆனாலும் மனிதர் விடவில்லை, நடையாய் நடந்து ஒரு வழியாகக் காரியத்தை முடித்துவிட்டார்: சர்ச்சுக்குப் போகும் பதினொரு பேருக்கு ஞாயிறு லீவு. பதிலுக்கு அவர்கள் மிஷின் ஓடாத புதனில் வந்து பேக்கிங், துப்புரவு வேலை பார்க்க வேண்டும்.

"பிறகென்ன? டேனியலோட முழு ஞாயிறு! இதில பிரச்சினை எங்கட்டீ இருக்கு?" என்றேன்.

"லட்சுமிக்கு இல்லையே அண்ணே."

லட்சுமி பக்கத்து மிஷின் பெண். தளிக்காரி; வீட்டில் கன்னடம், தொழிற்சாலையில் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. அவள் புருஷன் வேலை பார்க்கும் இடத்திலும் ஞாயிறுதான் லீவு. ஜெபாவின் கதையேதான் அவள் கதையும். சர்ச்சுக்குப் போவதில்லை என்பது மட்டுமே வித்தியாசம். "நான் கும்பிடுறதுக்காக எனக்கு லீவு, கும்பிடாததால அவளுக்கு இல்லன்னா, அந்த லீவு நல்லாவா இருக்கும்?" என்று கேட்டாள்.

நான் கத்தினேன். கிடைத்ததை வாங்கிக்கொள், வேதத்தைத் தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே வை, லட்சுமிக்கு லட்சுமி பேசிக்கொள்வாள் என்றேன். மதத்தின் பெயரால் சலுகை கூடாது என்று பத்து வருஷமாக எல்லோரிடமும் வாதாடிவந்த நான், தங்கைக்கு என்றதும் அந்தச் சலுகையைப் பிடித்துக்கொள் என்று கெஞ்சினேன். அது எனக்கே அப்போது உறைக்கவில்லை. அவள் சோற்றை வடித்தாள்.

மறுநாள் புதன். சர்ச் என்றால் கோபுரமும் மணியும் எதிர்பார்க்காதீர்கள். கூரைக்கு சிமெண்ட் ஷீட் போட்ட ஹால், ஒரு பக்கம் நாற்காலி, இன்னொரு பக்கம் பாய். கரண்ட் இல்லை, மைக்கும் இல்லை. பாஸ்டருக்கு அது ஒரு பொருட்டே அல்ல, அவர் குரல் கர்நாடக எல்லைவரை கேட்டிருக்கும். ஆராதனை முடிந்து சாப்பாடும் உண்டு என்பதால் ஜெபா லட்சுமியையும் கூட்டி வந்திருந்தாள்.

நம் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. அதிகாரி யாராவது நல்லது செய்துவிட்டால் அவரை அழைத்துப் பொன்னாடை போர்த்தி, இரண்டு வார்த்தை பேசச் சொல்லி, கைதட்டி அனுப்புவது. அன்றைக்கும் அதுதான் நடந்தது. எச்.ஆர். அதிகாரி வந்திருந்தார், நெற்றியில் குங்குமத்தோடு. பாஸ்டர் பொன்னாடை போர்த்தினார். சர்ச்சுக்கு வரும் பதினொரு பேருக்கும் வரும் வாரத்திலிருந்து ஞாயிறு லீவு என்று அதிகாரி அறிவித்ததும் அல்லேலூயா கூரையைத் தூக்கியது. ஒரு தொழிற்சாலையின் லீவு பலிபீடத்துக்கு முன்னால் முடிவாகிறதே என்று எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் டேனியல் முகம் நினைவுக்கு வந்ததால் நானும் தட்டினேன்.

பாயிலிருந்து ஜெபா எழுந்தாள்.

"சார், ரொம்ப நன்றி சார். ஆனா எனக்கு இது வேண்டாம் சார்."

அதிகாரி புன்னகையை மாற்றாமலே கேட்டார். "ஏம்மா? நீங்க கேட்டதுதானே?"

"கேட்டோம் சார். என் பக்கத்து மிஷின்ல லட்சுமி நிக்கா. அவ வீட்டுக்காரருக்கும் ஞாயித்துக்கிழமைதான் லீவு. அவளுக்கும் சேத்துக் குடுங்க, வாங்கிக்கிடுதேன்."

"இது மத நம்பிக்கைக்காகக் கொடுக்கிற சலுகைம்மா. உங்க மதத்துக்கு வேண்டியதைக் கொடுத்தாச்சு. மத்தவங்களுக்காக நீங்க ஏன் பேசறீங்க?"

சட்டம் பேசுவாள், தொழிலாளர் உரிமை பேசுவாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அதைத்தான் பேசியிருப்பேன்.

"எங்க வேதம் அப்படித்தான் சார் சொல்லுது. ஓய்வுநாள் எனக்கு மட்டும்னு அதுல இல்ல. வேலைக்காரிக்கும், மாட்டுக்கும், வெளியூர்ல இருந்து வந்து தங்கியிருக்கவனுக்கும் சேத்துத்தான் குடுத்திருக்கு. மாட்டுக்கே உண்டுன்னா லட்சுமிக்குக் கிடையாதா சார்?"

"அடிப்பாவி, என்னைக் கொண்டுபோய் மாட்டோட சேத்துட்டியே!" என்று பின்னாலிருந்து லட்சுமி சத்தம் போட்டாள். ஹாலே சிரித்தது. பாஸ்டர்கூட ஒரு நொடி சிரித்துவிட்டு, பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டார்.

ஜெபா சிரிக்கவில்லை. "இதை இங்க வச்சு முடிவு பண்ண வேண்டாம் சார். இது கோயில். கேன்டீன்ல எல்லாரும் இருக்கும்போது கேக்கோம்."

அதிகாரி பொன்னாடையை எடுத்து நிதானமாக மடித்தார். "கேன்டீன்லயே பேசலாம். ஆனா இந்த ஆஃபர் அங்க யாருக்கும் வராது" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமலே கிளம்பினார்.

அதன் பிறகு அந்தச் சாப்பாடு யாருக்கும் இறங்கவில்லை. மற்ற பத்துப் பேரில் பாதிப் பேர் அவளிடம் பேசவில்லை. ஒருவர் நேராகவே கேட்டார், "உனக்கு வேண்டாம்னா சும்மா இருந்திருக்கலாம், எங்க வாயில ஏம்மா மண்ணு போட்ட?" நியாயமான கேள்விதான். பாஸ்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நான் எத்தனை தடவை அந்த ஆபீஸ் வாசல்ல நின்னேன் தெரியுமா தம்பி? நான் பிரசங்கம் பண்ணின வசனத்தையே எனக்குத் திருப்பிச் சொல்லிட்டா" என்றார். அந்தக் குரலில் வருத்தம் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்ததாக எனக்குப் பட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஜெபா அழுதாள். "எனக்கு மட்டும் ஆசை இல்லையா அண்ணே? அவரோட ஒரு நாள் சும்மா உக்காந்திருக்கணும்னு எனக்கு இல்லையா?" என்றாள். நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை அவள் ஷிஃப்டுக்குப் போய்விட்டாள். நான் தளிக்குப் போனேன், இருபத்தைந்து கிலோமீட்டர். உள்ளூர்ப் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கேட்டவர்களுக்காகச் சொல்கிறேன்: டிசம்பர் காலையில் ஸ்வெட்டர் தேவை, மத்தியானம் தேவையில்லை. முட்டைக்கோஸ், பீன்ஸ், பூத்தோட்டம் என்று கண்ணுக்குக் குளிர்ச்சி. கடையில் கன்னடத்தில் பேசுவார்கள், நீங்கள் தமிழில் பதில் சொன்னால் அவர்களும் தமிழுக்கு வந்துவிடுவார்கள். நான் அங்கே ஒரு பாலத்துச் சுவரில் உட்கார்ந்து தங்கையோடு மனதுக்குள் சண்டை போட்டேன். வேதத்தை வெளியே வை என்று சொன்னேனே, வைத்திருந்தால் அவள் பதினொன்றில் ஒருத்தியாக வாங்கிக்கொண்டு போயிருப்பாள். உள்ளே கொண்டுவந்ததால்தான் லட்சுமிக்குக் கேட்டாள். என் பத்து வருஷ வாதத்தில் இதற்கு இடமே வைக்கவில்லை. மதம் தன் ஆட்களுக்காகக் கை நீட்டும்போதுதான் எனக்கு எரிச்சல் வருகிறது. அதே மதம் அடுத்தவருக்காக வாய் திறந்தால் என்ன செய்வது என்று நான் யோசித்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கேன்டீனில் பேச்சு நடந்தது. அன்று சாயங்காலம் ஜெபாவும் லட்சுமியும் ஒன்றாக வீட்டுக்கு வந்து சொன்னார்கள். ஞாயிறு உற்பத்தி நிற்காது. ஆனால் யார் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், ஆறு பேருக்கு ஒருவர் வீதம் சுற்று முறையில் ஞாயிறு லீவு உண்டு. மிஷின் வரிசைப்படி, ஜெபாவுக்கு அடுத்த மிஷினிலிருந்து சுற்று ஆரம்பம். முதல் ஞாயிறு லட்சுமிக்கு. ஜெபாவுக்கு ஆறாவது.

"இன்னா பொண்ணுங்க உங்க தங்கச்சி! மேனேஜர் வேணாம்னுக்கினே இருக்காரு, இவ உக்காரவே இல்லீங்க. அப்புறம் நாங்களும் எழுந்து நின்னுட்டோம்" என்றாள் லட்சுமி. தன் ஞாயிறை எடுத்துக்கொள்ளச் சொல்லி ஜெபாவிடம் மல்லுக்கட்டினாள். ஜெபா மறுத்துவிட்டாள். ஆசையாகப் பார்த்துவிட்டுத்தான் மறுத்தாள், அதையும் நான் பார்த்தேன்.

சனிக்கிழமை டேனியல் வந்தார். முழுக்கதையையும் கேட்டார். பிறகு, "என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றார்.

"கேட்டிருந்தா வாங்கிக்கோன்னு சொல்லியிருப்பிய. அப்பறம் என்னால எந்திரிச்சிருக்க முடியாது" என்றாள் ஜெபா.

அவர் மறுக்கவில்லை. மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலையில் எழுந்து அவரே தக்காளிச் சோறு கிளறி டப்பாவில் அடைத்தார். பைக்கில் அவளை ஏற்றிக்கொண்டு போனார், நான் முன்னாலேயே நடந்து போய் கேட் அருகே நின்றேன். தொழிற்சாலை கேட்டில் அவள் இறங்கி டப்பாவை வாங்கிக்கொண்டாள். "ஆறுல ஒண்ணு பத்தாது. அடுத்த மாசம் மூணுல ஒண்ணு கேப்பேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். டேனியல் அந்த கேட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தனியாகச் சர்ச்சுக்குப் போனார்.

இனி உங்களுக்கான விவரம். பேருந்து நிலையத்துக்கு அருகிலேயே முந்நூறு ரூபாயிலிருந்து அறை கிடைக்கும், ஜெனரேட்டர் உண்டா என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள். பெங்களூர் நாற்பது கிலோமீட்டர்தான், பேருந்துக்குக் காத்திருக்கவே வேண்டாம். தளிக்குக் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். ஆட்டோவில் ஏறும் முன் அந்த ஏரியாவுக்கு அன்று பவர் ஹாலிடேவா என்று விசாரியுங்கள், பத்து ரூபாய் மிச்சம். ஓசூரில் சொந்தக்காரர், சிநேகிதர் யாரையாவது பார்க்கப் போவதாக இருந்தால், ஞாயிற்றுக்கிழமைதானே, வீட்டில் இருப்பார்கள் என்று நம்பிப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். உங்களுக்கு லீவு என்றைக்கு என்று முதலில் கேளுங்கள்.

என் தங்கைக்குப் புதன். இப்போதைக்கு.