அசையாத காந்தாரம்

எங்கள் வீட்டில் இரண்டு 'அவர்'கள் உண்டு. ஒருவர் என் கணவர். இன்னொருவர் ஒரு கிட்டார் வித்வான். அந்த வித்வானை 'அவர்' என்று சொல்லும்போதெல்லாம் என் கணவருக்குத் தானாகக் குரல் தாழ்ந்து கண் பாதி மூடிக்கொள்ளும். "அவர் சாப்பிட்டாரா?" என்று என் தங்கை போனில் கேட்டால், "அவர் சாப்பிட்டாரான்னு நமக்கெப்படித் தெரியும்?" என்று பக்கத்திலிருந்து இவர் வருத்தப்படுவார். வீண் குழப்பம் வேண்டாம். இனி இவர் என்றால் என் வீட்டுக்காரர், அவர் என்றால் வித்வான்.

இவருக்கு எக்ஸ்ரே எடுக்கிற வேலை. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. காலை முதல் சாயங்காலம் வரை இவர் பேசுவது ஒரே வசனம்தான்: "மூச்ச நல்லா இழுங்க, பிடிங்க, அசையாதீங்க... ம், மூச்சு விடலாம்." வருஷக்கணக்காக இதையே சொல்லி வாய் பழகிவிட்டது. வீட்டில் என்னைப் போட்டோ எடுத்தாலும் இதே வசனம். அதனால் இவர் எடுத்த எல்லாப் படத்திலும் நான் கன்னத்தை உப்பிக்கொண்டு, யார்மீதோ கோபமாக இருப்பதுபோல் இருப்பேன். பாதிப் படங்களில் உண்மையிலேயே கோபம்தான். என் தங்கை இவருக்கு வைத்த பெயர் 'அசையாதீங்க மாமா'.

நானோ பாட்டு டீச்சர். என் பிழைப்பே அசைவில்தான் ஓடுகிறது. கர்நாடக சங்கீதத்தில் ஸ்வரங்கள் பலவும் நின்ற இடத்தில் நிற்காது. அதிலும் தோடி ராகத்தின் காந்தாரம் இருக்கிறதே, அது மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆடாமல் நின்றால் அது தோடி இல்லை, ரயில் நிலையத்தில் அறிவிப்புக்கு முன்னால் அடிக்கிற மணி.

கிட்டாரின் கழுத்தில் குறுக்கே உலோகப் பட்டைகளைப் பதித்து, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனித்தனியாக அறை கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அசையாதீங்க என்று சொல்வதற்கென்றே செய்த வாத்தியம். அது போய் இவர் கையில் கிடைத்தது. ஜாடிக்கேற்ற மூடி என்று என் தங்கை சொன்னபோது நான் மறுக்கவில்லை.

கல்லூரி நாட்களில் நண்பர்கள் பாட, இவர் தாளத்துக்குக் கிட்டாரைத் தட்டிக்கொண்டிருந்தவர். கல்யாணமான புதிதில் நான் தோடி பாடக் கேட்டு, "இத நான் கிட்டார்ல வாசிக்கிறேன். ஒருநாள் மேடையில உன் பக்கத்துல உக்காந்து வாசிக்கிறேன், பாரு" என்றார். எனக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "காந்தாரம் அசையட்டும், இடம் தரேன்" என்று விளையாட்டாகச் சொல்லிவைத்தேன். மனிதர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். எனக்குப் பூ வாங்கிவர மறந்திருக்கிறார், மாத்திரை வாங்கிவர மறந்திருக்கிறார், இதை மட்டும் மறக்கவில்லை.

அப்போதுதான் அவர் ஒரு வீடியோ வழியாக எங்கள் வீட்டுக்குள் வந்தார். கிட்டாரில் தோடி வாசிக்கிற அபூர்வ மனிதர். அவர் வாசித்தால் காந்தாரம் என்னமாய் அசையும்! அதை நானே ஒப்புக்கொள்கிறேன். இவர் அந்த வீடியோவை டிவியில் பெரிதாக்கி, திரை முழுக்க விரல்கள் மட்டும் தெரியும்படி வைத்து, வேகத்தைக் குறைத்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவருடைய இடது மோதிர விரலில் இருக்கிற மச்சம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழக்கம். முகம்தான் யாருக்கும் தெரியாது.

கம்பியை ஓரமாக இழுத்தால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். இவர் இழுத்தார். கம்பி அறுந்து தாடையில் அடித்தது. மெல்லிய கம்பி போட்டுப் பார்த்தார், கொசு கத்துகிற சத்தம் வந்தது. ஒருநாள் பொறுமை போய்க் கிட்டாரையே இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். நாற்காலி ஆடியது, பீரோ கதவு திறந்துகொண்டது, காந்தாரம் மட்டும் ஆணி அடித்த மாதிரி நின்றது.

"ரெண்டு விரலால இழுக்கிறாரா, மூணு விரலாலயான்னு தெரிஞ்சா போதும்" என்பார்.

"பக்கத்து ரூம்லதானே நான் பாடிட்டிருக்கேன்? வந்து உக்காந்து கேளுங்களேன். விரல்ல என்ன இருக்கு?"

"கொஞ்சம் கதவ சாத்திட்டுப் பாடேன். அவர் வாசிக்கிறது காதுல விழல."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கதவைச் சாத்துவேன், சுவரில் மாட்டிய படம் ஆடுகிற அளவுக்கு.

பிறகு ஒருநாள் அவருடைய கச்சேரியே எங்கள் ஊரில் ஏற்பாடானது. இவர் சட்டையை இஸ்திரி போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தார். அன்று காலையில், வித்வானுக்கு உடம்பு சரியில்லை, கச்சேரி ரத்து என்று செய்தி வந்தது. இஸ்திரி போட்ட சட்டையோடு, திரிந்த பால் மாதிரி முகத்தோடு இவர் வேலைக்குப் போனார். அங்கே நடந்ததில் பாதி இவர் சொன்னது, மீதி அந்தப் பிரிவு நர்ஸ் சொன்னது. எனக்கு நர்ஸ் மேல்தான் நம்பிக்கை அதிகம்.

நடுவயதுக்காரர் ஒருவர் வீங்கிய இடது கையைப் பிடித்துக்கொண்டு வந்தாராம். சீட்டில் ஊர், அப்பா பெயரெல்லாம் சேர்ந்த ஏதோ நீளமான பெயர். கார்க் கதவில் விரல் நசுங்கிவிட்டது என்றாராம்.

"ஏங்க, கதவுல கைய விட்டு விளையாடுற வயசா இது?" என்று இவர் சிடுசிடுத்திருக்கிறார். "கைய விரிச்சு வைங்க. அசையாதீங்க."

விரல்கள் வலியோடு மெல்ல ஆடிக்கொண்டே இருந்தனவாம்.

"சொல்றேன்ல, அசையாதீங்க! படம் கலங்கிடும். விரல ஆட்டி ஆட்டி என்ன பண்ணப்போறீங்க?"

"மன்னிச்சிடுங்க. பழக்க தோஷம்" என்றாராம் வந்தவர்.

இவர் குனிந்து மோதிர விரலை நேராக்கினார். மச்சம். விரல் நுனிகளில் கம்பி அறுத்துக் காய்த்த கோடுகள். தினமும் திரையில் பார்த்த கை, இப்போது தட்டின்மேல் கிடந்தது. இவர் தடுப்புக்குப் பின்னால் போய், பொத்தானில் கைவைத்தபடி நின்றுவிட்டாராம்.

"எடுத்தாச்சுங்களா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்ததாம்.

"இல்லைங்க... கொஞ்சம்... நீங்க அசையலாம்" என்று இவர் உளறியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் அந்த வார்த்தையை இவர் வாயால் கேட்டது அதுதான் முதல்முறை என்றார் நர்ஸ்.

எப்படியோ படம் எடுத்து முடித்தார். எலும்பு முறியவில்லை. அதைச் சொல்ல இவருக்கு அதிகாரம் கிடையாது. "டாக்டர் சொல்வாருங்க" என்று பல்லெல்லாம் தெரியச் சொன்னாராம். அந்தச் சிரிப்பைப் பார்த்தே அவருக்கு உயிர் வந்துவிட்டது. அந்தச் சமயம் பார்த்து இவர் கேட்டுவிட்டார்.

"உங்க தோடி காந்தாரம்... ரெண்டு விரலா, மூணு விரலாங்க?"

அவர் சிரித்தாராம். "வீட்ல யாராவது பாடுவாங்களா?"

"என் மனைவி பாடுவா. அதுக்கென்னங்க?"

அதுக்கென்னவாம்! இந்த இடத்தை இவர் என்னிடம் சொல்லவில்லை. நர்ஸ் சொன்னது.

"நான் விரல எண்ணினதே இல்லைங்க" என்றாராம் அவர். "என் தங்கச்சி பாடுவா. பக்கத்துல உக்காந்து கேட்டுக் கேட்டு, அதுவா கைக்கு வந்தது. உங்களுக்கென்ன, வீட்லயே இருக்கே!"

அன்று சாயங்காலம் இவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "ஒரு பெரிய ரகசியம் தெரிஞ்சிருச்சு. நீ பாடும்போது பக்கத்துல உக்காந்து கேக்கணும்" என்றார்.

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். "இத யாரு சொன்னா?"

"அவர்!"

கல்யாணமான நாளிலிருந்து நான் தொண்டை வற்றக் கத்தியது காற்றோடு போயிற்று. அவர் ஒரு வார்த்தை சொன்னதும் வேதவாக்கு. கோபத்தில் அன்றைக்கு வெங்காயம் ரொம்பப் பொடியாக விழுந்தது. ஆனால் ஹெட்போனைச் சுருட்டி அலமாரிக்குள் வைத்துவிட்டு, இவர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தபோது, கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் யாரும் என் பாட்டை இப்படிக் கேட்டதில்லை. கூச்சத்தில் என் காந்தாரமே ஒருமுறை தடுமாறியது.

"இப்ப கொஞ்சம் அதிகமா ஆடிச்சோ?" என்றார்.

"வாய மூடிட்டுக் கேளுங்க."

கேட்டார். சமையலறையில், துணி மடிக்கிற இடத்தில், மாணவிகள் பாடும்போது கடைசி வரிசையில். கிட்டாரை மடியில் வைத்திருப்பார், தொடமாட்டார். பிறகு மெதுவாகத் தொட ஆரம்பித்தார். ஒருநாள் நான் குளித்துக்கொண்டிருந்தபோது கூடத்தில் காந்தாரம் அசைந்தது. வீடியோ ஓடுகிறது என்றுதான் நினைத்தேன். வெளியே வந்து பார்த்தால் டிவி அணைந்திருந்தது.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். என் மாணவிகளின் ஆண்டு விழாவில் கடைசிப் பாட்டு நான் பாடுவது வழக்கம். இந்தமுறை தோடி, பக்கத்தில் இவர். அதே இஸ்திரிச் சட்டை. முன்வரிசையில் நர்ஸும் என் தங்கையும்.

நான் இரண்டு வரி பாடி நிறுத்தினேன். இவர் வாசிக்க வேண்டிய இடம். சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். விரல் காந்தாரத்தில் இருக்கிறது, கண் எங்கோ நிலைகுத்தி நிற்கிறது, நெஞ்சு ஏறி இறங்கவே இல்லை. தனக்குத்தானே அசையாதீங்க என்று சொல்லிக்கொண்டவர்போல விறைத்துப் போயிருந்தார். அரங்கில் யாரோ இருமினார்கள். இவ்வளவு காலம் ஆசைப்பட்டது இப்படியா முடியவேண்டும்?

மைக்கை விட்டு விலகி, இவர் காதோரம் சாய்ந்து மெதுவாகச் சொன்னேன்: "ம், மூச்சு விடலாம்."

பெருமூச்சொன்று வந்தது. அதோடு சேர்ந்து காந்தாரமும் அசைந்தது. அலைமேல் படகு ஏறி இறங்குவதுபோல, அவ்வளவு இதமாக. என் தங்கை கைக்குட்டையைத் தேடினாள். அடுத்த வரியை எடுக்க எனக்கே கொஞ்சம் நேரமாயிற்று.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இவருக்குக் கால் தரையில் பாவவில்லை. கதவைத் திறந்ததும் திரும்பி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு சொன்னார்: "அவர் சொன்ன வழி எப்படிப் பலிச்சிருச்சு பாத்தியா? மேதைன்னா மேதைதான்!"

அந்த வழியை முதலில் சொன்னது யார் என்பதெல்லாம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இவர் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷம் அதில். நான் மூச்சுவிடவில்லை.