மாடியில் உட்கார்ந்த நாத்தனார்

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான். மீதி இரண்டு முடிச்சையும் அவனுடைய அக்காவோ தங்கையோ பெண்ணின் பின்னால் நின்று போடுவாள். என் தம்பியின் கல்யாணத்தில் அந்த இரண்டு முடிச்சும் எனக்குத்தான் என்று பல வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

தம்பிக்கு நாங்கள் இரண்டு அக்காக்கள். நான் பெரியவள், ஆர்.கே.பேட்டையில் வாழ்க்கைப்பட்டவள். இளையவளின் புருஷன் மூன்று வருஷத்துக்கு முன்னால் பள்ளிப்பட்டு ரோட்டில் வண்டியிலிருந்து விழுந்து போய்விட்டார். நானும் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதவள்தான், பொய்யில்லை. ஆனால் காரியம் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது, இனிமேல் தம்பிக்கு முடிச்சுப் போட நான் ஒருத்திதானே என்று ஒரு நினைப்பு வந்தது. சீ, என்ன புத்தி இது என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். திட்டினாலும் வந்தது வந்ததுதான்.

அவள் கே.ஜி.கண்டிகையில் எங்களைப் பெற்ற நைனா வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லாமே அவள்தான். நான் போனால் "வாம்மா, சாப்டியா?" என்பதோடு சரி. அவள் லேசாகத் தும்மினால் நைனா மாத்திரை வாங்க ஓடுவார். தம்பி வேலை முடிந்து வரும்போது அவளுக்குப் பிடிக்குமென்று பக்கோடா வாங்கி வருவான். எனக்கு என்ன பிடிக்கும் என்று அந்த வீட்டில் ஒருவருக்காவது தெரியுமா? புருஷனைப் பறிகொடுத்தவள் மேல் எவளாவது பொறாமைப்படுவாளா என்று கேட்பீர்கள். நான் பட்டேன்.

தம்பியின் கல்யாணத்தன்று பெரிய முகூர்த்த நாள். மலைமேல் கல்யாணக் கூட்டம் தாங்காது என்று திருத்தணியில் கீழே ஒரு மண்டபம் பிடித்திருந்தோம். நான் அரக்குப் பட்டு கட்டி, தலை கொள்ளாமல் பூ வைத்து, முடிச்சுப் போடும்போது கையில் இடிக்கக் கூடாதே என்று ஒரு ஜோடி வளையலைக்கூடக் கழற்றி வைத்துவிட்டேன். அப்போதுதான் தம்பி மாப்பிள்ளை அறைக்கு என்னைக் கூப்பிட்டான். நைனாவும் தங்கையும் அங்கே இருந்தார்கள்.

"பெரியக்கா, கோச்சிக்காத. முடிச்சு சின்னக்கா போடட்டும்."

"இன்னாடா சொல்ற? இவளா?"

"ஆங். ஐயர்கிட்ட கேட்டுட்டேன், உங்க இஷ்டம்னுட்டாரு. பொண்ணு வூட்லயும் ஒத்துக்கினாங்க."

"அப்ப நான் எதுக்குடா வந்தேன்? பந்தில தண்ணி ஊத்தவா?"

"நீ பக்கத்துலயே நில்லுக்கா. உனக்குப் பாவா இருக்காரு, கொழந்தைங்க இருக்குது. அவளுக்கு இது ஒண்ணாவது இருக்கட்டும்."

நைனா வேட்டி முனையைத் திருகிக்கொண்டு சுவரைப் பார்த்தார். தங்கைதான், "வேணாம்டா, அக்காவே போடட்டும்" என்றாள். அதுதான் எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. விட்டுக் கொடுக்கிறாளாம்! என்னுடையதை எனக்கு விட்டுக் கொடுக்க இவள் யார்?

"அபசகுனம்னு ஊரே பேசும்டா" என்றேன். அவள் முகத்துக்கு நேராக, கூடப் பிறந்தவள் நான்தான் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பேசறவங்க பேசிகினு போட்டும். நீ பேசாதக்கா" என்றான் தம்பி.

நான் அங்கிருந்து விறுவிறுவென்று வெளியே வந்து, எங்கே போகிறேன் என்றே தெரியாமல் மண்டபத்தின் மாடிப்படியில் ஏறிவிட்டேன்.

அந்த மண்டபத்தில் மேடைக்கு எதிரே, கூடத்தின் மேல், கம்பித் தடுப்பு வைத்த ஒரு பால்கனி உண்டு. இரண்டு மூன்று வரிசை பிளாஸ்டிக் நாற்காலி, சுற்றுகிற மாதிரி பாவனை செய்யும் ஒரு ஃபேன். இந்த ஊர்க்காரர்கள் அதற்கு ஒரு பெயர் வைக்கவில்லை. 'மேலே' என்றால் போதும். அவங்க மேலே இருக்காங்க என்று யாராவது சொன்னால் அடுத்த கேள்வி கேட்க மாட்டோம். புருஷனை இழந்தவர்கள் முகூர்த்த நேரத்துக்கு அங்கே போய் உட்கார்ந்துகொள்வார்கள். போ என்று ஒருவரும் சொல்வதில்லை. ஐயர் தாலியைத் தட்டில் எடுத்து வைத்ததும் அவர்களாகவே எழுந்து படியேறிவிடுவார்கள். போன ஆவணியில் இதே மண்டபத்தில் நடந்த சித்தப்பா மகள் கல்யாணத்தில் என் தங்கை அப்படி ஏறிப் போனதை, மேடையில் மாலைத் தட்டோடு நின்றபடி நானே பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு மாலையை எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

முன்வரிசையில் ஒரே ஒரு நாற்காலி விட்டு மற்றதெல்லாம் நிறைந்திருந்தது. நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். முன்னால் இருந்த ஒருத்தி திரும்பி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருப்பாள். மெதுவாக என் கையைப் பிடித்தாள்.

"எப்பம்மா ஆச்சு?"

"இன்னா எப்ப?"

"வூட்டுக்காரரு..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயே! அவரு கீழ பந்தியாண்ட குத்துக்கல்லாட்டம் நின்னுகினு இருக்காரு!"

கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். "தப்பா நெனச்சிக்காத தாயி. பூவைப் பாத்தேன், குங்குமத்தைப் பாத்தேன், அப்பறமும் இங்க வந்து குந்தினியேன்னுதான்... கீழ போய்ப் பாரேன், நல்லாத் தெரியும்."

"கீழ வெக்கையா இருக்குது" என்றேன். மேலே இருந்த வெக்கையில் எனக்கு ஜாக்கெட் நனைந்து ஒட்டியிருந்தது.

அப்போது பெண் வீட்டுப் பெண்ணொருத்தி தட்டு நிறைய அட்சதையோடு படியேறி வந்தாள். "மாப்பிள்ளை குடுத்தனுப்பினாரு. மேல இருக்கறவங்களும் போடணுமாம்."

ஒருவரும் கையை நீட்டவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் கையைப் பிடித்தவள்தான் கடைசியில் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு நாலே நாலு அரிசி எடுத்தாள். "இருவது வருசமா இங்கதான் குந்திகினு இருக்கேன். இன்னிக்குத்தான் தட்டு மேல வருது" என்றாள். அதற்குப் பிறகு எல்லாக் கைகளும் ஒன்றாக நீண்டன. எனக்கும் ஒரு பிடி வந்தது.

"தாலி முடியப் போறதே நம்மாட்டம் ஒருத்தியாமே? மாப்பிள்ளைக்கு அக்காவாம்" என்றாள் இன்னொருத்தி. நான் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

கீழே ஐயர் "கெட்டிமேளம்!" என்றார். நாதஸ்வரமும் தவிலும் காதைப் பிளந்தன. முன்வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, எட்டிப் பார்த்து, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு. "அதோ, கூந்தலை ஒதுக்குறா." "கயித்த எடுத்துட்டா பாரு." "போட்டுட்டா, ஒண்ணு போட்டுட்டா!" யாரோ விசும்பினார்கள். அட்சதை எல்லாம் கீழே பறந்தது.

நான் உட்கார்ந்தே இருந்தேன். எழுந்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். என்னைப் பெரியக்கா என்று கூப்பிட ஒரே ஒரு தம்பி, அவனுக்கு ஒரே ஒரு கல்யாணம், அதில் நான் கண்டதெல்லாம் ஒரு வரிசை முதுகு. எழுந்திரு, எழுந்திருடி என்று எனக்குள்ளேயே கேட்டது. அந்த முடிச்சு அவள் கையில் விழுவதைப் பார்ப்பதைவிட முதுகுகளே மேல் என்று இருந்துவிட்டேன். அட்சதை என் கைக்குள்ளேயே வேர்வையில் ஊறியது.

மேளம் ஓய்ந்தது. முன்னால் நின்றவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியாம்மா?"

"ஆங்," என்றேன். "பாத்தேன்."