நிமிர மறுத்த அலமாரி

தம்பியின் மரப்பட்டறையில் அளவெடுக்கும் வேலை அவளுடையது. அங்கே எல்லாரும் அவளைக் கணக்கக்கா என்பார்கள். பாராட்டி வைத்த பெயர் இல்லை. எதற்கெடுத்தாலும் பென்சிலும் துண்டுச்சீட்டுமாக வந்து நின்று உயிரை எடுக்கிறாள் என்ற கடுப்பில் வைத்தது. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றாலும் செங்கோண முக்கோணம் மட்டும் அவளை விடவில்லை. அறையின் மூலை சரியா என்று பார்க்க ஒரு சுவரில் மூன்றடி, பக்கத்துச் சுவரில் நான்கடி குறித்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று டேப்பைப் பிடிப்பாள். வராவிட்டால் அன்று முழுவதும் கொத்தனாரைத் திட்டிக்கொண்டிருப்பாள்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் துணி அலமாரி கேட்டார். கூரை 248 சென்டிமீட்டர். அலமாரியின் ஆழம் 70.

"உயரம் 237க்கு மேல வேண்டாம் சார்" என்றாள்.

"ஏம்மா, பதினோரு சென்டிமீட்டரை வீணாக்கணுமா? 240 போடுங்க. அப்பவும் எட்டு மிச்சம் இருக்கே."

"நிக்கறதுக்கு இடம் இருக்கு சார். படுக்க வச்சதை நிமிர்த்தறதுக்கு இல்ல."

வாத்தியார் அவளை விட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்தார். தம்பி பல்லைக் காட்டினான். பட்டறைக்குத் திரும்பியதும் சீட்டில் இருந்த 237ஐ அடித்து 240 என்று எழுதிவிட்டான்.

அலமாரியை வண்டியில் ஏற்றிய பிறகுதான் அவள் அளந்து பார்த்தாள். 240 இருந்தது.

"டேய், என்னடா பண்ணி வச்சிருக்க?"

"அவரே கேட்டாரு. கணக்கு வாத்தியாருக்கே கணக்கு சொல்லித் தருவியாக்கா?"

தலையில் அடித்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

நான்கு ஆட்கள் அலமாரியைப் படுத்தவாக்கில் அறைக்குள் கொண்டுவந்து நிமிர்த்தினார்கள். முக்கால்வாசி எழுந்ததும் மேல்மூலை கூரையில் முட்டி நின்றது. சுண்ணாம்பு உதிர்ந்து வாத்தியாரின் கண்ணாடி மேல் விழுந்தது.

"எட்டு சென்டிமீட்டர் இருக்கே! எப்படி இடிக்குது? இன்னும் கொஞ்சம் தள்ளுங்கப்பா."

"தள்ளினா சீலிங்தான் சார் போகும்" என்றான் தூக்கியவர்களில் ஒருவன்.

"மூலையைக் கொஞ்சம் இழைச்சிடலாமா?" என்று தம்பி கேட்டான். அவள் அவனை முறைத்தாள்.

அலமாரியை மறுபடி படுக்க வைக்கச் சொல்லி, ஓர் அட்டையை எடுத்து எழுதினாள்.

"எழுபதோட வர்க்கம் நாலாயிரத்துத் தொள்ளாயிரம். இருநூத்து நாப்பதோட வர்க்கம் அம்பத்தேழாயிரத்து அறுநூறு. ரெண்டையும் கூட்டினா அறுபத்திரெண்டாயிரத்து ஐநூறு. அதோட வர்க்கமூலம் இருநூத்தம்பது. ஒரு புள்ளி பிசகில்லாம முழு எண். நிமிரும்போது இந்தக் குறுக்களவுதான் சார் நேரா நிக்கும். உங்க சீலிங் இருநூத்து நாப்பத்தெட்டு."

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்தபடி அட்டையையே பார்த்தார்.

"ஏழு, இருபத்துநாலு, இருபத்தஞ்சு. முப்பது வருஷம் இதைத்தான் கரும்பலகைல எழுதினேன். அதுல ஒரு நாளும் அலமாரி இல்லம்மா."

"இப்ப இருக்கே சார், அறையை அடைச்சுக்கிட்டு!"

அலமாரியைச் சுற்றி இரண்டு முறை நடந்தாள். அடியில் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. அதை மட்டும் அறுத்துத் தனியே எடுத்தால் உயரம் 230. மறுபடி பெருக்கிக் கூட்டினாள். இந்தத் தடவை மூலம் முழு எண்ணாக வரவில்லை. இருநூற்று நாற்பதும் கொஞ்சமும்.

"போதும். அறுங்கப்பா."

அறுத்தார்கள். அலமாரி கூரையைத் தொடாமல் நிமிர்ந்தது. நான்கு பேரும் அதை நேராகத் தூக்கிப் பிடிக்க, அவளே குனிந்து சட்டத்தை அடியில் தள்ளினாள். வாத்தியார் கேட்ட 240 அப்படியே வந்துவிட்டது.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா" என்றான் தம்பி.

"சொன்னேன்டா! எழுதியும் கொடுத்தேன். நீதானே அடிச்ச!"

மறுநாள் அவன் அளவுச் சீட்டில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தான்: நிமிர்த்தும் அளவு. அதை நிரப்ப வேறு யாருக்கும் தெரியாததால் எல்லாச் சீட்டும் அவளிடமே வந்தன. கத்திக் கத்தி ஒரே வாரத்தில் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"முக்காலிக்கு எதுக்குடா இந்தக் கட்டம்? முக்காலி எந்த ஊர்ல சீலிங்ல இடிக்குது?"

"நீதானேக்கா எதையும் விடக் கூடாதுன்ன."

பென்சிலை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, முக்காலிக்கும் வர்க்கம் போட்டாள்.