நன்மை வாங்காத வருஷங்கள்

ஞாயிற்றுக்கிழமை பூசையில் நன்மை வாங்கும் நேரம் வந்தால் எங்கள் கோயிலில் பெஞ்சு பெஞ்சாக எழுந்து போவார்கள். சாமியார் அப்பத்தை நாக்கில் வைப்பார், கைகூப்பியபடி திரும்பி வருவார்கள். எழுந்திருக்காமல் முழங்காலில் இருக்கிறவளை எல்லோரும் பார்ப்பார்கள். பார்க்காத மாதிரியும் இருப்பார்கள். பதின்மூன்று வருஷம் அப்படி முழங்காலில் இருந்தவள் நான்.

எழுபதுகளின் ஆரம்பத்தில் ஆபீஸில் எனக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தவரை ரெஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டேன். அவர் தொட்டியத்துக்காரர், வாழை வைக்கிற குடும்பம், இந்து. என் அப்பாவோ திருச்சியில் எங்கள் பங்குக் கோயிலின் உபதேசியார். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பவர். வீட்டில் பத்துக் கட்டளையோடு பதினோராவதாக அவர் பேச்சும் உண்டு. மாப்பிள்ளை முதலில் ஞானஸ்நானம் வாங்கட்டும், மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கட்டும், அப்புறம் தாலி என்றார். இல்லாவிட்டால் இந்த வாசலை மிதிக்காதே என்றார்.

இதை நான் கட்டிக்கொள்ளப்போகிறவரிடம் போய்ச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "தலையில தண்ணி ஊத்திக்கிறதுல எனக்கென்ன? ஆனா நம்பாததை நம்புறேன்னு உங்க சாமிகிட்டயே பொய் சொல்லச் சொல்றியே" என்றார். அந்த ஒரு பேச்சுக்காகவே அவரை இன்னும் பிடித்துப்போயிற்று.

கோயிலில் நடக்காத கல்யாணம் திருச்சபைக்குக் கல்யாணம் இல்லை. அப்படிச் சேர்ந்து வாழ்கிறவரை நன்மை கிடையாது. சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாலும் மன்னிப்புக் கிடையாது. எனக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை, உபதேசியார் மகளுக்கு ஒன்பது வயதிலேயே மனப்பாடம். பூசைக்கு வராதே என்று மட்டும் சட்டம் சொல்லவில்லை. அதனால் வந்தேன். பந்திக்குக் கூப்பிட்டு இலை போடாமல் உட்கார வைத்த மாதிரி இருக்கும். இருந்தாலும் வராமல் இருக்க முடியவில்லை.

அப்போது ஸ்ரீரங்கத்தில் ஒரு மாமி வீட்டு மாடியில் குடியிருந்தோம். ஞாயிறு காலை நான் மட்டும் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கோயிலுக்கு நடப்பேன். முதல் இரண்டு வருஷம் ஒரு வெட்கக்கேடான காரியம் செய்தேன். நன்மை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே எதுவும் சாப்பிடக் கூடாது என்பது விதி. நான் பூசைக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கோயில் வாசலுக்கு எதிர்க் கடையில் நாலு பேர் பார்க்க நின்று காபி குடிப்பேன். பாவம், காபி குடித்துவிட்டாள், அதனால்தான் எழுந்திருக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று! வாராவாரம் ஒருத்தி மறந்துபோய்க் காபி குடிப்பாளா? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

மாமிக்கு மட்டும்தான் தெரியாது. ஒருநாள் நான் திரும்பி வரும்போது மாடிப்படியில் மறித்து, "வாராவாரம் கோவிலுக்குப் போறே, ஒருநாள்கூடப் பிரசாதம் கொண்டுவரலையேடி. உங்க கோவில்ல தரமாட்டாளா?" என்று கேட்டாள்.

"தருவாங்க மாமி. எனக்குத் தரமாட்டாங்க."

மாமி படியை விட்டு ஒதுங்கி வழிவிட்டாள். சாயங்காலம் ஒரு கிண்ணத்தில் புளியோதரை அனுப்பினாள். அதைச் சாப்பிட்டுக்கொண்டே அழுதேன். அவர் காரம் அதிகமோ என்று கேட்டார்.

கல்யாணமான நாலாவது வருஷம் மஞ்சள் காமாலையில் அவர் போய்விட்டார். உடம்பைத் தொட்டியத்துக்கு எடுத்துப் போனார்கள். அவர்கள் வீட்டுச் சடங்கில் எனக்கு ஒரு மூலை கொடுத்தார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. பதினாறாம் நாள் முடிந்து தனியாக ஸ்ரீரங்கத்துக்கு வந்து கதவைத் திறந்தேன். பாயில் அவர் தலை பட்ட இடத்தில் எண்ணெய்க் கறை இருந்தது. அதற்கப்புறம் வருஷக்கணக்கில் அந்த வீட்டில் என் குரலை நானே கேட்டதில்லை. ஆபீஸில் பேசியதோடு சரி.

ஞாயிறு பூசைக்கு மட்டும் போய்க்கொண்டே இருந்தேன். காபியை விட்டுவிட்டேன், முழங்காலில் இருப்பதை விடவில்லை. ஏன் ஒரு சாமியாரிடம் போய்க் கேட்கவில்லை என்று இன்றைக்கு யாராவது கேட்டால் பதில் இருக்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் செய்த பாவத்துக்கு மனஸ்தாபப்பட வேண்டும், செய்ததே தப்பு என்று வருந்த வேண்டும். அவரைக் கட்டிக்கொண்டதற்கு மனஸ்தாபப்படுகிறேன் என்று சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு நன்மை இல்லாமலே செத்துப்போகலாம் என்று இருந்தேன். ஆனால் ஒன்று, அந்த அப்பத்துக்காக நான் ஏங்கியது கொஞ்சநஞ்சமல்ல. பக்கத்தில் இருப்பவள் வாங்கி வந்து வாயை மூடிக் குனிந்து இருப்பதைப் பார்க்கும்போது வயிறு எரியும்.

எண்பதுகளின் நடுவில் அப்பா இறந்தார். அதுவரை என்னோடு பேசவில்லை. அடக்கப் பூசையில் அவர் பெட்டிக்கு நேரே குடும்பத்தோடு முதல் பெஞ்சில் உட்கார வேண்டியதாயிற்று. நன்மை நேரத்தில் அண்ணன், அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் எழுந்தார்கள். நானும் அப்பாவும் மட்டும் அப்படியே இருந்தோம்.

பங்குக்குப் புதிதாக வந்திருந்த சாமியார் அதைப் பார்த்துவிட்டார். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். கல்லறையில் மண் போட்டு முடிந்ததும் ஒதுக்குப்புறமாக வந்து, ஏன் நன்மை வாங்கவில்லை என்று கேட்டார். ரெஜிஸ்டர் கல்யாணம் என்றேன். வீட்டுக்காரர் எங்கே என்றார். செத்து ஒன்பது வருஷம் ஆகிறது என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஒன்பது வருஷமாவா? உங்களைத் தடுத்த சட்டம் அவரோடயே போயிடுச்சேம்மா. இதை யாரும் உங்ககிட்ட சொல்லலயா?"

சொல்லவில்லை. முப்பது வருஷம் ஊருக்கே ஞானோபதேசம் சொன்ன மனுஷன் அங்கே புது மண்ணுக்குக் கீழே இருந்தார். அவருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? எனக்குத் தெரியும் என்று நினைத்தாரா, அல்லது வந்து கேட்கட்டும் என்று இருந்தாரா? அன்றைக்கு அப்பாவின் மேல் வந்த ஆத்திரத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

அந்தச் சனிக்கிழமை அந்தச் சாமியாரிடமே பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க அல்ல, சண்டை போட. உங்கள் சட்டம் எதற்கு, மனுஷனைக் கரையேற்றவா, கரையிலேயே நிறுத்தி வைக்கவா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. சட்டம் யாரையும் கரையேற்றாது என்றார். அது தெர்மாமீட்டர் மாதிரி, காய்ச்சலைச் சொல்லும், குறைக்காது. குறைக்கிறவர் வேறே ஒருத்தர் இருக்கிறார், அவரிடம் போகச் சொல்லத்தான் அது இருக்கிறது, நாங்கள்தான் சில நேரம் தெர்மாமீட்டரையே மருந்தென்று நினைத்துவிடுகிறோம் என்றார்.

நான் நெடுநாளாக வைத்திருந்ததைச் சொன்னேன். "அவரைக் கட்டிக்கிட்டதுக்கு மனஸ்தாபப்படுறேன்னு என் வாயால வராது, சாமி."

எங்கள் நடுவே இருந்த வலைத்தட்டிக்குப் பக்கமாக அவர் குனிந்தார். "திருச்சபையை விட்டுத் தனியாப் போனதைச் சொல்லுங்க, அது போதும். அவர் மேல வச்ச அன்புக்கு வருத்தப்படச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லம்மா."

காபியைச் சொன்னேன். அப்பாவை வெறுத்ததைச் சொன்னேன், அதற்கு நிஜமாகவே வருத்தப்பட்டேன். மன்னிப்புக் கொடுத்தார்.

மறுநாள் வரிசையில் நின்றேன்.  பதின்மூன்று வருஷத்துக்குப் பின் அந்த அப்பம் நாக்கில் பட்டது. வாங்கி வந்து பெஞ்சில் குனிந்தேன். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வந்ததோ வேறு.

தொட்டியத்தில் சடங்கு செய்து அவரை முடித்துவிட்டார்கள். ஆபீஸில் அவர் மேஜைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. மாமிகூட அவர் பேச்சை எடுப்பதை நிறுத்திவிட்டாள். இந்த ஒரு கோயிலில் மட்டும்தான், ஞாயிற்றுக்கு ஞாயிறு, எல்லோரும் எழுந்து போகும்போது, நான் அவருக்காக முழங்காலில் இருந்தேன். நான் அவர் பெண்டாட்டி என்பதற்கு அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அன்றைக்கு அதுவும் போயிற்று.

அடுத்த ஞாயிறும் போய் நன்மை வாங்கினேன். அதற்கடுத்த ஞாயிறும் வாங்கினேன். அழாமல் வாங்க ஒரு வருஷம் பிடித்தது.