விசிறாமல் கொட்டிய சீட்டு

"குலுக்கல்ல வீடு விழுமாக்கும்? உங்கம்மா கட்டுக் கட்டா லாட்டரிச் சீட்டு அடுக்குனவதான. அவளுக்கு ஒண்ணாச்சும் விழுந்துச்சா தாயி?"

எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு அம்மாவின் கம்பெனி சூப்பர்வைசர் கேட்டார். சிவகாசியை ஒட்டி வீட்டுவசதி வாரியம் கட்டிய அடுக்குமாடி வீடுகளைச் சொந்த வீடு இல்லாதவர்களுக்குக் குலுக்கலில் ஒதுக்கப்போவதாக அறிவிப்பு வந்திருந்தது. அம்மா பெயரில் நான் மனுப் போட்டிருந்தேன்.

அவர் கோபத்துக்குக் காரணம் உண்டு. கம்பெனி வீடுகள் வரிசையாக உள்ள எங்கள் லைனில் யாருக்கு என்ன படிவம் வந்தாலும் அவர்தான் நிரப்பிக் கொடுப்பார். நான் அவரிடம் போகவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். கல்லூரியும் முடித்து, ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருக்கிறேன். படிவத்தில் என்ன கேட்டிருக்கிறது என்று எனக்கே தெரியும்.

"விழுந்தா வந்து பாருங்க அண்ணாச்சி. விழாட்டாலும் வந்து பாருங்க" என்றேன். அம்மா உள்ளே இருந்து என்னை முறைத்தாள்.

திருத்தங்கலில் அம்மா தாள் எண்ணும் வேலை பார்க்கும், ஒரு காலத்தில் லாட்டரிச் சீட்டும் அச்சடித்த காலண்டர் கம்பெனியின் பின்சுவரை ஒட்டிப் பத்து வீடுகள். அதில் ஒன்றில்தான் பிறந்ததிலிருந்து இருக்கிறோம். வாடகை கிடையாது. ஆனால் சீசன் வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கதவு தட்டப்படும். "லோடு கெளம்பணும், எந்திரி." அம்மா எழுந்து போவாள். காய்ச்சலோடு போயிருக்கிறாள். அப்பா இறந்த பதினாறாம் நாள் முடிந்த மறுநாள் போயிருக்கிறாள். வேலைக்கு வராதவர்களுக்கு லைனில் வீடு இல்லை. அம்மாவுக்கு இப்போது வலது தோளைத் தூக்க முடிவதில்லை. எனக்கு வேண்டியிருந்தது பெரிய வீடு அல்ல. லோடுக்காக யாரும் தட்ட முடியாத ஒரு கதவு.

குலுக்கல் விருதுநகரில், ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பஸ்ஸில் போகும்போதே அம்மாவிடம் சொல்லிவிட்டேன்: "அங்க நீ ஒண்ணும் பேசாத. நான் பேசிக்கிறேன்." இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

மண்டபச் சுவரில் விண்ணப்பித்தவர்களின் பட்டியல் ஒட்டியிருந்தது. எங்கள் எண்ணைத் தேடிப் பார்த்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தோம். மேடையில் ஒரு பிளாஸ்டிக் டிரம். ஒவ்வொரு எண்ணையும் அச்சடித்து வெட்டிய சின்ன அட்டைச் சீட்டுகளை ஊழியர் ஒருவர் கட்டுப் பிரித்து அப்படியே உள்ளே கொட்டினார்.

அம்மா என் முழங்கையை இடித்தாள். "விசிறாம கொட்டுறாக."

"அதுக்கென்ன?"

"புதுசா வெட்டுன அட்டை. கத்தி பட்ட ஓரத்துல ஒண்ணை ஒண்ணு கவ்விக்கிட்டு நிக்கும். விசிறி விட்டாத்தான் பிரியும். இப்படிக் கொட்டுனா ரெண்டு ரெண்டால்ல விழும். அடியில இருக்க நம்பரை எவன் பாப்பான்?"

நான் எழுந்து, மேடையில் இருந்த அதிகாரியம்மாவைப் பார்த்துச் சொன்னேன். "மேடம், சீட்டை எண்ணிட்டுப் போடச் சொல்லுங்க."

"எண்ணித்தாம்மா வந்திருக்கு" என்றார் ஊழியர்.

பின்வரிசையில் ஒரு பெரியவர், "ஏத்தா, உக்காரு. வீடு விழுகுறதுக்கு முன்னாடியே பால் காய்ச்சிருவ போல" என்றார். மண்டபமே சிரித்தது.

நான் திரும்பினேன். "ஒட்டிக்கிட்டு உள்ளயே கெடக்குறது உங்க சீட்டா இருந்தா என்ன செய்வீக?"

சிரிப்பு அடங்கியது. அதிகாரியம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இவ்வளவையும் யாரும்மா எண்ணுறது?"

"எங்கம்மா எண்ணுவாங்க. உங்க டீ ஆறுறதுக்குள்ள."

அம்மா எழுந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மேடையேறினாள். டிரம்மைக் கவிழ்த்துச் சீட்டுகளைச் சேர்த்து மேஜையில் தட்டி ஓரம் சேர்த்தாள். பிடிபிடியாக எடுத்து விசிறிபோல விரித்து, ஐந்து ஐந்தாகத் தள்ளினாள். கையெழுத்துக்குப் பெருவிரலை நீட்டுகிறவள் அவள். இந்த எண்ணிக்கையில் மட்டும் அவளை யாரும் ஏமாற்றியதில்லை.

பட்டியலின் கடைசி எண்ணைக் கேட்டாள். "அப்ப மூணு கொறையுது."

அவள் சீட்டுகளின் ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டி, விசிறியும் பிரியாமல் தடித்திருந்த மூன்றை மட்டும் உருவினாள். ஒவ்வொன்றையும் லேசாக வளைத்துவிட்டதும் அது இரண்டாகப் பிரிந்தது. ஒளிந்திருந்த மூன்றில் எங்கள் எண் இல்லை. யாருடையதோ.

அதிகாரியம்மா ஊழியரைப் பார்த்துவிட்டு, "விசிறி நீங்களே போட்டுடுங்கம்மா" என்றார். மண்டபத்தில் இருந்த அத்தனை பேரின் சீட்டையும் அம்மாதான் போட்டாள்.

எங்களுக்கு வீடு விழவில்லை. காத்திருப்போர் பட்டியலில் ஒன்பதாவது இடம். பஸ்ஸில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எங்கள் சீட்டை மட்டும் மேலே போட்டிருக்கலாம் என்றுகூட உளறினேன்.

"போடி. டிரம்ம உருட்டுறாக, மேல ஏது கீழ ஏது" என்றாள் அம்மா. பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "விழல. ஆனா உள்ள இருந்துச்சு. அது எனக்குத் தெரியும்."

வீடு விழுந்தவர்களில் ஒன்பது பேர் விலகினால்தான் எங்களுக்கு. ஒரு வருடம் ஆகலாம், இரண்டும் ஆகலாம். அதுவரை அந்தத் தட்டலைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை. அடுத்த தெருவில் ஒற்றை அறை வீடு ஒன்றைப் பார்த்தேன். என் சம்பளத்தில் இழுத்துப்பிடித்தால் முடியும்.

"எம்புட்டு நாளைக்கு?" என்றாள் அம்மா.

"நம்ம சீட்டு வெளிய வர்ற வரைக்கும்."

நாங்கள் வீடு மாறப்போவது காதில் விழுந்து, போன வாரம் சூப்பர்வைசர் எங்களை வழியில் நிறுத்தினார். "என்ன தாயி, வாரியத்துக்காரன் சாவி குடுத்துட்டானா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "வேலைக்கு வருவேன் அண்ணாச்சி. ஞாயித்துக்கெழமை வரமாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார், நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்பதுபோல. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சீசனில் அம்மாவைப் போல எண்ணுகிற கைக்கு எங்கே போவது என்று அவருக்கும் தெரியும். வழியை விட்டு நகர்ந்தார்.

நேற்று லைன் வீட்டுச் சாவியை அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். அங்கிருந்து நேராக வாரிய அலுவலகம். காத்திருப்போர் பட்டியலில் எங்கள் முகவரியை மாற்றச் சொல்லி மனுக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிவிட்டேன்.