இடது காலுக்கு ஒரு கிளச்

பாலாவிச் சந்தியைத் தாண்டினவுடன் வான் நின்றது. பின்னால் ஐஸ் போட்ட மீன். சிலாபம் சந்தைக்குப் போகிற வழி. என் மனுசிதான் ஓட்டினாள். எஞ்சின் ஓடியது, வண்டி அசையவில்லை. கியரைப் போட்டுப் பார்த்தாள், எடுத்துப் பார்த்தாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, "செத்திட்டுது," என்றாள்.

எங்கள் வீட்டில் அவள்தான் டிரைவர். நான் கடலுக்குப் போகிறவன். குவைத்தில் அவள் வேலை செய்த வீட்டில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கவும் வேண்டும். ஓட்டப் பழகினது அங்கேதான். அங்கே எல்லாம் ஓட்டோ கியர், கிளச் இல்லை, கியர் தானாக மாறும். சண்டை முடிந்து, கடலில் கெடுபிடி குறைந்த பிறகு வந்தாள். வந்ததும் இந்த வானை வாங்கினோம். ஓட்டோ வான்தான் வேணும் என்று பிடிவாதமாக நின்று வாங்கினாள்.

சந்தையில் முதலில் சிரித்தார்கள். "என்ன மச்சான், மனுசி ஓட்டுறா, நீ ஐஸ் பெட்டிக்குள்ளயா வாறது?" என்று ஒருத்தன் கேட்டான். அவள் கண்ணாடியை இறக்கினாள். "உங்கட மனுசியையும் அனுப்புங்க, பழக்கி விடுறன். பெட்டிக்குள்ள உங்களுக்கும் ஒரு இடம் பார்ப்பம்."

பிறகு அவளுக்குச் சீனி வருத்தம் வந்தது. இடது காலில் சிப்பி வெட்டின காயம் ஆறவேயில்லை. ஆஸ்பத்திரியில் ரெண்டு விரலை எடுத்தார்கள். கால் மிஞ்சியது. உணர்வு போய்விட்டது. ஒருநாள் ஒற்றைச் செருப்போடு கோயில்வரைக்கும் போய்விட்டாள். மற்றது கழன்று விழுந்தது அவளுக்குத் தெரியாது. அதைச் சொல்லி அவளே சிரிப்பாள்.

ஓட்டோ வானுக்கு இடது காலால் வேலை இல்லை. விரல் எடுத்த காயம் ஆறினதும் சீட்டில் ஏறிவிட்டாள். வீட்டில் சுவரைப் பிடித்து நடக்கிறவள், ஸ்டியரிங்கைப் பிடித்தால் பழைய ஆள். பஸ்ஸுக்கு ஹோர்ன் அடிப்பாள், மாட்டுக்காரனை ஏசுவாள். நான் பக்கத்தில் இருந்துகொண்டு போவேன். அந்த நேரம் அவளுக்கு வருத்தம் இருக்கிறது என்பது எனக்கும் மறந்துபோகும்.

வானைக் கட்டி இழுத்துப் பாலாவியில் ஒரு கராஜில் விட்டோம். அங்கே இருந்த மெக்கானிக்கை எல்லாரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழும்பி வந்தான்.

"கியர் பொக்ஸ் எரிஞ்சு போச்சு. லோட்டோட மணல்ல ஏத்தினா ஓட்டோ தாங்காது. வேற ஒண்டு போட்டாலும் இதே கதைதான். மெனுவலுக்கு மாத்துங்க. உடைச்ச வான் ஒண்டுட பொக்ஸ் என்னட்ட இருக்கு. கிளச் மட்டும் புதுசா எடுங்க."

"கிளச் மிதிக்கிறது இடது கால்தானே?" என்று அவள் கேட்டாள்.

பாஸ் அவளுடைய காலைப் பார்த்தான். "ஓம் அக்கா."

"சரி. பழகுவம். கால் இருக்குத்தானே."

அடுத்த நாள் புத்தளத்துக்குப் போனோம். வண்டிச் சாமான் கடைக்கார நானா ரெண்டு கிளச்சை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று எல்லாரும் போடுகிற சாதாரணப் பிளேட். மற்றதில் செம்புத் துண்டுகள் பூவிதழ் மாதிரி நின்றன.

"ரெண்டு சாதி ஈக்குது," என்றார் நானா. "இது லேசு. மெல்ல மெல்லப் பிடிக்கும். ஆனா மணல்ல லோட்டோட ஏறினா வழுக்கும். மத்தது ரேஸ்காரங்க போடுறது. வழுக்கவே வழுக்காது. ஆனா மிதிக்கக் கால்ல பலம் வேணும். விட்ட உடன சட்டெண்டு பிடிக்கும். ஆரு ஓட்டுற?"

"நான்," என்றாள் அவள்.

நானா சிரிக்கவில்லை. "அப்ப லேசானத எடுங்க, தங்கச்சி."

நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். "கடற்கரை வாடியில இருந்து ரோட்டுக்கு மீனை நான் சுமந்து தாறன். வான் மணலுக்குள்ள இறங்கத் தேவையில்ல," என்றேன்.

"நாளாந்தமா? உங்கட முதுகு என்ன இரும்பா?" என்றாள். ஆனால் அவள் கையும் அந்த லேசான பிளேட்டின் மேல்தான் இருந்தது.

நானா நல்ல மனுசன். "பொக்ஸ் ஏத்தினத்துக்குப் பொறகு மாத்துறது பெரிய வேல," என்றார். "என்ட வான்ல ஈக்குறதும் இதே பிளேட்டுதான். பின்வளவுல நிக்குது. ஒருக்கா மிதிச்சுப் பாத்துட்டு எடுங்க."

பின்வளவு வெறும் நிலம். அவள் ஏறி உட்கார்ந்தாள். காலைக் கையால் தூக்கிப் பெடலில் வைத்தாள். மிதித்தாள். இறங்கியது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். "லேசுதான்."

"இப்ப மெல்ல விடுங்க. பிடிக்கிற எடம் காலுக்கு வெளங்கும்," என்றார் நானா.

எஞ்சின் நின்றது. திரும்பவும் ஸ்டார்ட் பண்ணினாள். திரும்பவும் நின்றது.

"கீழ பாக்காதீங்க தங்கச்சி. முன்னுக்குப் பாருங்க."

"முன்னுக்குப் பார்த்தா கால் எங்க இருக்கெண்டு தெரியுதில்ல, நானா."

அதை மழை வருது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஒருதரம் வான் நகர்ந்தது. குலுங்காமல் நகர்ந்தது. அவள் நிமிர்ந்து முன்னால் பார்த்தாள். முகம் அப்படியே மாறிவிட்டது, சந்தைக்குப் போகிற முகம். நான் கதவு திறந்திருந்த பக்கம் கூடவே நடந்தேன். வளவின் கடைசி மதில் கிட்ட வந்தது. பிரேக்கை மிதித்தாள். வான் துள்ளி நின்றது, எஞ்சினும் நின்றது.

"கிளச்சையும் மிதிச்சனே. மிதிச்சுக்கொண்டுதான் இருக்கிறன். ஏன் நிண்டது?"

நான் குனிந்து பார்த்தேன். கால் பெடலில் இல்லை. பக்கத்தில் வானின் தரைத் தகரத்தின் மேல் இருந்தது. அதை அவள் பலமாக அழுத்திக்கொண்டிருந்தாள்.

நானா மதில் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவளே குனிந்து பார்த்தாள்.

வான் திறப்பை எடுத்து நானாவிடம் கொடுத்தாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு கடைக்குள் வந்தாள். செம்புப் பிளேட்டை நானாவின் பக்கம் தள்ளினாள்.

"இதக் கட்டுங்க."

"இன்னும் கொஞ்சம் பழகினா வரும்," என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. நானாவிடம்தான் சொன்னாள். "இவருக்குக் கால் நல்ல பலம். வள்ளம் தள்ளுற கால். இனி இவர்தான் ஓட்டப்போறார். மணல்ல ஏறணும். கட்டுங்க."

நானா என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லி என்ன செய்வது? தலையை ஆட்டினேன். பேப்பரில் சுற்றிக் கட்டினார். பஸ்ஸில் அந்தப் பாரத்தை அவள்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கேட்டேன், தரவில்லை.

பொக்ஸையும் கிளச்சையும் பாஸ் பூட்டித் தந்தான். அகலமான ஒரு பிரேக் பெடல் இருந்த இடத்தில் ரெண்டு பெடல் வந்தது. எனக்கு ஓட்டப் பழக்கினது அவள்தான். பக்கத்துச் சீட்டில் இருந்துகொண்டு கண்ணாடி பார்க்கச் சொல்வாள், வளைவில் ஹோர்ன் அடிக்கச் சொல்வாள், பிழை விட்டால் ஏசுவாள். கிளச்சைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லமாட்டாள். நான் கியர் மாற்றும்போது அவள் வெளியே பார்ப்பாள்.

லைசன் எடுத்த பிறகு முதல்தரம் தனியே வானை வாடிக்கு இறக்கினேன். அன்றைக்கு நல்ல மீன். பெட்டி நிறைய ஏற்றினோம். பக்கத்து வாடி லொறி மணலில் புதைந்து நின்றது, ஆட்கள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் காலை எடுத்தேன். ஒரு குலுக்கல். பிறகு ஒரே பிடியில் ரோட்டுக்கு ஏறிவிட்டது. "என்ன சாமானடா போட்டிருக்கிறாய்?" என்று பின்னால் நின்று கத்தினார்கள்.

மத்தியானம் சிலாபத்தால் திரும்பி வந்தேன். அவள் வாசலில் கதிரை போட்டு இருந்தாள்.

"மணல்ல ஏறிச்சா?"

"ஏறிச்சு."

"வழுக்கல்லயா?"

"இல்ல."

"எரிஞ்ச மணம் ஒண்டும் வரல்லயே?"

"இல்ல."

"அப்ப நல்ல சாமான்தான்," என்றாள். சுவரைப் பிடித்து எழும்பி உள்ளே போனாள்.

நான் முகம் கழுவிவிட்டுப் போய்ப் பார்த்தேன். கட்டில் ஓரத்தில் இருந்தாள். இடது காலை மற்ற முழங்கால் மேல் தூக்கி வைத்து, கைப் பெருவிரலால் உள்ளங்காலை அழுத்திக்கொண்டிருந்தாள். குதிகாலில் அழுத்தினாள். நடுவில் அழுத்தினாள். விரல் போன இடத்தில் அழுத்தினாள்.

"என்ன?" என்றேன்.

"ஒண்டுமில்ல. இருங்க, சோறு போடுறன்."

ஆனால் எழும்பவில்லை. அழுத்திக்கொண்டே இருந்தாள்.