பின்சீட்டில் ஒரு விமர்சகர்

பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கும் ஃபிராங்க்ளினுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை. கை உடைந்தவர், கார் இடித்தவர், கடைக்குள் மழைத் தண்ணீர் புகுந்தவர் எல்லாரும் அனுப்புகிற விண்ணப்பங்களில் ஏதாவது ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது உத்தியோகம். ஓட்டை இல்லாத விண்ணப்பத்தை அவர் இதுவரை பார்த்ததில்லை. பகலெல்லாம் சம்பளத்துக்குக் குறை கண்டுபிடித்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து இலவசமாகக் குறை கண்டுபிடிப்பார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த துறை வீடியோ கேம்.

கேம் பெட்டியை முதலில் மகள் லவினாவுக்காகத்தான் வாங்கினார்கள். அவள் நர்சிங் படிக்க மங்களூர் ஹாஸ்டலுக்குப் போனதும் அது அப்பாவின் கைக்கு வந்தது. "சும்மா கெடந்தா பூச்சி புடிச்சிடும்" என்பது அவர் சொன்ன காரணம். பூச்சி பிடிக்காமல் இருக்க தினமும் இரண்டு மணி நேரம் உழைத்தார். பிறகு யூடியூபில் 'ஃப்ராங்கா ஃபிராங்க்ளின்' என்று ஒரு சேனல் ஆரம்பித்தார். பார்த்தவர்களில் பாதிப் பேர் கோலார் தங்கவயலில் இருக்கும் அவருடைய உறவுக்காரர்கள். அவர்கள் யாரும் வாழ்க்கையில் ஒரு கேம்கூட ஆடியதில்லை. ஃபிராங்க்ளின் உடம்பு போட்டிருக்கிறாரா, இளைத்திருக்கிறாரா என்று பார்க்க வந்தவர்கள்.

சண்டை கேம் ஒன்றைப் பற்றி அவர் சொன்னது இது: "முப்பது துப்பாக்கியத் தூக்கினு மலை ஏறுறான். முழங்கால் ஒசர வேலியத் தாண்ட மாட்டேங்கறான். இவன யாரு பட்டாளத்துல சேத்தது?" விவசாய கேமைப் பற்றி: "ஊர்ல ஒருத்தனுக்கும் ஒருத்தனுக்கும் வரப்புத் தகராறு கெடையாது. ஒரு முள்ளங்கி குடுத்தா பொண்ணு கல்யாணத்துக்குச் சம்மதிக்குது. பேரு விவசாயமாம்." வருஷா வருஷம் வருகிற ஃபுட்பால் கேமுக்கு ஒரே வரிதான்: "போன வருஷத்து ஆளுக்கு இந்த வருஷத்து பனியன்."

பாராட்டவே தெரியாதவர் என்று சொல்ல முடியாது. ஒரு கேமில் ஆற்றில் தனியாகப் படகு ஓட்டிப் போகிற கட்டம் வந்தபோது, தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டபடி நெடுநேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. நிறைய பேர், சவுண்டு வரவில்லை என்று கீழே எழுதினார்கள்.

மனைவி நோரா ஹைஸ்கூல் கணக்கு டீச்சர். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"ஏங்க, புடிக்கலைன்னா எடுத்து வெச்சிட வேண்டியதுதான?"

"புடிக்காமயா ஒரு மாசமா ஆடினு இருக்கேன்?"

நோரா அடுத்த தாளை எடுத்தாள். கணக்கு டீச்சருக்கு விடையுள்ள கேள்விகள்தான் பழக்கம்.

இப்படி இருக்கையில் தோம்லூரிலிருந்து அபினவ் என்ற இளைஞன் போன் பண்ணினான். நாலைந்து பேர் சேர்ந்து பெங்களூரில் ஆட்டோ ஓட்டுகிற ஒரு கேம் செய்திருக்கிறார்களாம். வெளியிடுவதற்கு முன்னால் சார் வந்து ஆடிப் பார்த்து, ஃப்ராங்காகக் கருத்துச் சொல்ல வேண்டுமாம். ஃப்ராங்காக என்றால் என்ன அர்த்தம் என்று பாவம் அவனுக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலை இஸ்திரி போட்ட சட்டையோடு போனார். அங்கே நாற்காலிக்குப் பதில் பீன் பேக் என்று மூட்டை போட்டிருந்தார்கள். அதில் உட்கார அவராலேயே முடிந்தது, எழுந்திருக்கத்தான் அபினவ் கை கொடுக்க வேண்டியிருந்தது. அபினவ் மல்லேஸ்வரத்துக் கன்னடப் பையன். தமிழ் நன்றாகவே பேசினான்.

ஃபிராங்க்ளின் ஆட்டோவை எடுத்தார். சிட்டி ஸ்டேஷனிலிருந்து அல்சூர் வரைக்கும் எல்லா சிக்னலும் பச்சை. ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் வந்துவிட்டார்.

"தம்பி, இது எந்த ஊரு?"

"பெங்களூர் சார்."

"எந்த வருசம்?"

அபினவ் சிரித்தான். ஃபிராங்க்ளின் சிரிக்கவில்லை.

"கூப்டதும் ஏத்திக்கிறான், கேட்ட எடத்துக்குப் போறான். 'வரமாட்டேன்'னு சொல்றதுக்கு பட்டன் எங்க?"

"அது இல்ல சார்."

"அப்ப இது ஆட்டோ கேம் இல்ல. ஆம்புலன்ஸ் கேம். ரோட்ல பள்ளமும் காணோம்."

"ஃபர்ஸ்ட் எல்லாம் வெச்சிருந்தோம் சார். ஆடினவங்க அழாத குறை. ஆபீஸ்லேர்ந்து வர்றப்பதான் ட்ராஃபிக், வீட்டுக்கு வந்து வெலை குடுத்து வாங்கின கேம்லயும் ட்ராஃபிக்கானு கேட்டாங்க."

அந்த நேரம் திரையில் மழை பிடித்தது. ஆட்டோவின் பக்கத்துப் படுதா காற்றில் அடித்துக்கொண்டது. தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சம் அல்சூர் ஏரித் தண்ணீரில் கலங்கியது. ஃபிராங்க்ளின் ஏரியை ஒரு சுற்று, பிறகு இன்னொரு சுற்று சும்மாவே ஓட்டினார். இறங்க வேண்டிய பயணி பின்னால் காத்திருந்தார்.

"மழை நல்லாருக்கு தம்பி. நெஜமாவே நல்லாருக்கு" என்றார். அபினவின் முகம் மலர்ந்து முடிவதற்குள், "ஆனா மழைல கை காட்டினா நாலு ஆட்டோ வந்து நிக்குது பாரு, அதான் அநியாயப் பொய்" என்றார்.

இதையெல்லாம் ஒன்று விடாமல் சேனலில் போட்டார். தங்கவயலைத் தாண்டி முதல் தடவையாக முகம் தெரியாதவர்கள் பார்த்தார்கள், சிரித்தார்கள், ஆளாளுக்கு அனுப்பினார்கள். வக்கீல் நோட்டீஸ் வரும் என்று எதிர்பார்த்தார். வந்தது அபினவின் போன்.

"சார், சக்கத்தாகித்து! பிரமாதம்! டீமே உக்காந்து பார்த்தோம். கேம்ல ஒரு பேசஞ்சரைப் போடப் போறோம். ஏறினதுலேர்ந்து எறங்கற வரைக்கும் குறை சொல்லினே வருவாரு. நீங்கதான் கொரல் குடுக்கணும்."

யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். நோரா டீ கொண்டு வருவதற்குள் யோசித்து, சொல்லியும் விட்டார்.

குரல் பதிவு செய்கிற ரவிக்குத்தான் பெரும் பாடு. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அறை, ஜில்லென்று ஏசி, கேட்டவுடன் ஃபில்டர் காபி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அஞ்சு பேர் மரியாதையோடு காது கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஃபிராங்க்ளினுக்கு வாழ்க்கையில் இப்படி ஒரு இடம் கிடைத்ததில்லை. எரிச்சல் எங்கிருந்து வரும்? தன் வசனத்தையே வாழ்த்துரை மாதிரிப் படித்தார்.

"சார், சும்மா சலிச்சிக்கிற ஆள் மாதிரி பேசுங்க" என்றான் ரவி.

"அப்படித்தான பேசினு இருக்கேன்?"

கடைசியில் ரவி ஏசியை நிறுத்தினான். காபி வருகிறது வருகிறது என்று சொல்லிவிட்டு அனுப்பவே இல்லை. சீக்கிரமே குரல் தானாக வந்தது.

கேம் வெளியாகி நன்றாக ஓடியது. மழையை எல்லாரும் புகழ்ந்தார்கள். பின்சீட்டு அங்கிளைப் பற்றியும் எழுதினார்கள். 'இந்த அங்கிள் வாயை எப்படி மூடுவது?' என்று ஒருவர். 'அங்கிளுக்காகவே கேமை அழித்துவிட்டேன்' என்று ஒருவர். எல்லாவற்றையும் ஃபிராங்க்ளின் பொறுத்துக்கொண்டார். 'குரல் செயற்கையாக இருக்கிறது' என்று எழுதியவனைத்தான் பொறுக்க முடியவில்லை.

"செயற்கையா? எங்கொரலா? இவனுக்கு இன்னா தெரியும்? வேலவெட்டி இல்லாம உக்காந்து கொறை சொல்றதே பொழப்பு!"

நோரா சிவப்புப் பேனாவைக் கீழே வைத்து, அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். சிரிப்பில் தோள் மட்டும் குலுங்கியது.

அவருக்கு உண்மையிலேயே வலித்தது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சேனலில் எதுவும் போடவில்லை. மூன்றாம் நாள் அபினவ் போனில் தயங்கித் தயங்கிப் பேசினான். ஆடுகிறவர்களின் நச்சரிப்பு தாங்காமல் கேமில் ஒரு மாற்றம் செய்திருக்கிறார்களாம். இனிமேல் அங்கிளை வழியிலேயே இறக்கிவிடலாம்.

"எறக்கி?"

"எறக்கிவிட்டுப் போயிடலாம் சார். ஸாரி சார்."

அன்று சாயங்காலம் நோரா தாள்களை ஓரமாக வைத்துவிட்டு, "அத இப்படிக் குடுங்க, நானும் பாக்கறேன்" என்றாள். கேம் பெட்டி வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் அதைத் தொட்டதில்லை. எது பிரேக் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். அங்கிளை ஏற்றினாள். டிரினிட்டி சர்க்கிள் தாண்டியதும் அங்கிள் ரோட்டைப் பற்றி ஆரம்பித்தார். பிறகு சிக்னலைப் பற்றி. பிறகு டிரைவரின் திறமையைப் பற்றி. நோரா நிதானமாக ஓரம் கட்டி, பட்டனை அமுக்கினாள். மழையில் இறங்கிய அங்கிள் கைப்பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, போகிற ஆட்டோவைப் பார்த்து நின்றார்.

ஃபிராங்க்ளினும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நோரா ஏரியைச் சுற்றி ஓட்டினாள். படுதா அடித்துக்கொண்டது.

"ஏங்க, இவ்ளோ நல்ல கேமுனு நீங்க சொல்லவே இல்லயே?"

"அந்தத் திருப்பத்துல கொஞ்சம் மெதுவா போயிருக்கணும்" என்றார் ஃபிராங்க்ளின்.